அறுபத்திரண்டு டிகிரி பிரான்ஸ்

அந்த வீட்டுக்குள் நுழைவதற்கு முன் இரண்டு காரியம் செய்ய வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும், ஸ்வெட்டரைப் போட வேண்டும். ஸ்வெட்டர் இல்லாதவர்களுக்காகக் கதவுக்குப் பின்னால் ஒரு பிரம்புக் கூடையில் நாலைந்து சால்வைகள் மடித்து வைத்திருக்கும். வெளியே டெக்சாஸின் செப்டம்பர் வெயில். பார்க்கிங்கில் நிற்கும் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை கொப்பளித்துவிடும். உள்ளே லாத்தா ஏசியை அறுபத்திரண்டு டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "வாங்க தம்பி, இந்த வருஷம் குளிரு சீக்கிரமே வந்துருச்சு" என்பார். அந்த ஊர்க் கணக்கு ஃபாரன்ஹீட்டில். நம் கணக்குக்குப் பதினாறு, பதினேழு வரும். முதலில் நமக்குச் சிரிப்பு வரும். ஐந்து நிமிஷத்தில் பல் கிட்டிப்போய்ச் சிரிப்பு நின்றுவிடும்.

லாத்தா என்றால் அக்கா. காயல்பட்டினத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தூத்துக்குடிக்காரன் என்று தெரிந்த அன்றே, இந்த மேடம், ஆன்ட்டி எல்லாம் ஆகாது, லாத்தா என்றே கூப்பிடு என்று உத்தரவாகிவிட்டது. அதனால் அவர் கணவர் எனக்கு மச்சான். இரண்டாயிரத்து மூன்றிலிருந்து ஏழு வரை டாலஸை ஒட்டிய இர்விங்கில் ஓர் அபார்ட்மென்ட் குடியிருப்பில் அவர்கள் கீழ்வீடு. மேலே நானும் இன்னும் இரண்டு கல்யாணமாகாத பையன்களும் இருந்தோம். மச்சானுக்கு லாஸ் கொலினாஸில் நெட்வொர்க் வேலை. லாத்தா அவருடைய விசாவோடு வந்தவர். அந்த விசாவில் வரும் மனைவிமார் வேலைக்குப் போகக் கூடாது. ஊரில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அறை ஜோடிக்க வேண்டும் என்றால் நாலு தெரு தாண்டியும் இவரைத்தான் தேடி வருவார்களாம். இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் தொழில் என்ற கட்டத்தில் மச்சான் 'இல்லை' என்று எழுதிவிடுவார். லாத்தா அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றவர்கள் பருவம் மாறுவதற்குக் காத்திருப்பார்கள். லாத்தாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. டெக்சாஸை நம்பி உட்கார்ந்திருந்தால் நவம்பர் கடைசியில்தான் வெயில் சற்று இறங்கும், இரண்டு நாள் காற்றடிக்கும், பிறகு நேராகக் கிறிஸ்துமஸ். "சீசன் அதுவா வராது தம்பி. நாமதான் கூப்பிடணும்" என்பது அவர் கட்சி. அப்படிக் கூப்பிடுவதையும் நியூ இங்கிலாந்திலிருந்தோ கொலராடோவிலிருந்தோ கூப்பிட மாட்டார். அவருக்கு வேண்டியது பிரான்சு நாட்டுக் கிராமத்து இலையுதிர் காலம். அதற்குக் குறைந்த எதுவும் அந்த வீட்டில் செல்லாது.

லாத்தா பிரான்சைப் பார்த்ததில்லை. சென்னை, துபாய் விமான நிலையம், டாலஸ், அவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். பிரான்சு அவருக்குக் கிடைத்த இடம் எங்கள் குடியிருப்பின் லாண்டரி அறை. யாரோ ஒரு புண்ணியவதி, படித்து முடித்த வீட்டு அலங்காரப் பத்திரிகைகளைத் துணி மடிக்கும் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். முகவரிச் சீட்டைக் கிழித்துவிட்டிருப்பார். எல்லாமே பிரான்சு கிராமத்து வீடுகள்: கல் சுவர், நீல ஜன்னல், நீள மேஜை, கூடை நிறைய வால்நட், மேஜையைச் சுற்றிச் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். லாத்தா பத்திரிகையை எடுத்துக்கொண்டு அதே இடத்தில் ஒரு தட்டு பருப்பு வடையை மூடி வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் தட்டு கழுவி வந்திருக்கும், மேலே புதிய பத்திரிகையோடு. நாலு வருஷத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

பத்திரிகைகள் எப்படியும் இரண்டு வருஷம் பழையவை. லாத்தா எழுத்துகளைப் படிக்கவும் மாட்டார், படங்கள் போதும். நாள் ஆக ஆக அந்தப் படத்திலிருந்தவர்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். நீலக் கதவு மாமி, வாத்து வளர்க்கும் சாச்சி, கல் வீட்டுப் பெரியும்மா. "மாமி வீட்டுல இந்த மாசம் திராட்சை பறிக்கிறாங்க" என்று சாதாரணமாகச் சொல்வார். புதிதாக வந்த என் ரூம்மேட் ஒருவன், மாமி கலிபோர்னியாவில் இருக்கிறாரா என்று மரியாதையாக விசாரித்தான்.

ஒரு முறை அந்த மாமி வீட்டுப் படங்களில் அடுத்தடுத்து இரண்டு இதழ்களாக வீட்டுக்காரரைக் காணவில்லை. லாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. மனிதருக்கு உடம்புக்கு முடியவில்லையோ, கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று எங்களிடம் புலம்பினார். மூன்றாவது இதழில் வாசல்படியில் சேறு ஒட்டிய ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. லாத்தா மேலே ஓடிவந்து கதவைத் தட்டி அதைக் காட்டினார். அன்று எங்களுக்குப் பாயசம் கிடைத்தது.

அந்த வருஷங்களில் நோன்பு மாதம் அக்டோபரை ஒட்டியே வந்தது. லாத்தாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதையாயிற்று. நோன்பு திறக்கிற நேரமும் பிரான்சுக் கிராமத்து அந்தி வேளையும் ஒன்றுதானே? நீள மேஜை வேண்டும் என்றார். வீட்டிலிருந்தது நாலு பேர் உட்காரும் வட்ட மேஜை. ஒரு சனிக்கிழமை மச்சான் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் படுக்கையறையில் துணி வைக்கும் அலமாரியான க்ளோசட்டின் கதவைக் கழற்றி இரண்டு இஸ்திரி மேஜைகளின் மேல் படுக்க வைத்துவிட்டார். இஸ்திரி மேஜைகளில் ஒன்று எங்களுடையது. மேலே விரிக்க லினன் துணி இல்லை. மச்சானின் எட்டு முழ வேட்டி இருந்தது. கதவின் பித்தளைக் குமிழ் மட்டும் வேட்டிக்கு அடியில் புடைத்துக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு பூசணிக்காயைச் சாத்தி வைத்துவிட்டார்.

வந்து பார்த்த மச்சான் முதலில் கேட்டது வேட்டியைப் பற்றி இல்லை. கதவைக் கழற்றியது குத்தகை ஒப்பந்தத்துக்கு விரோதம், லீசிங் ஆபீஸுக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், வீடு போனால் முகவரி மாறும், முகவரி மாறினால் கிரீன் கார்டு ஃபைல் எங்காவது தொலைந்துபோகும் என்று ஒரே மூச்சில் சொன்னார். மச்சானின் எல்லாப் பயமும் கடைசியில் கிரீன் கார்டில் போய்த்தான் நிற்கும். ஆனால் நோன்பு திறக்கும் பாங்கு நேரம் நெருங்கிவிட்டதால் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மேஜையில்தான் மாதம் முழுக்கச் சாப்பிட்டோம். மூடி போட்ட பீங்கான் சூப் பாத்திரத்தில் நோன்புக் கஞ்சி வரும். மேலே மல்லித்தழை, ஓரத்தில் மெழுகுவர்த்தி. வெள்ளிக்கிழமை என்றால் நடுவில் சகன் வைப்பார். அது அவர்கள் ஊர் வழக்கம். ஒரே பெரிய தட்டில் சோறும் கறியும் குவித்துச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலிருந்தே சாப்பிடுவது. இது பிரான்சில் உண்டா என்று கேட்டேன். கல் வீட்டுப் பெரியும்மா வீட்டுப் படத்தை எடுத்துக் காட்டினார். மேஜை நடுவில் பெரிய தட்டு ஒன்று இருந்தது உண்மைதான். அது முழுக்கப் பாலாடைக்கட்டி. "அவங்க அதச் சாப்பிடுறாங்க, நாம இதச் சாப்பிடுறோம். உக்காந்துருக்குற விதத்தப் பாரு" என்றார்.

உட்காரும் விதம்தான் அவருக்கு எல்லாம். அந்த மேஜையில் கைக்கடிகாரம் பார்க்கக் கூடாது, செல்போன் எடுக்கக் கூடாது, டெட்லைன் என்ற சொல் கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டே பிட்சாவைக் கடிக்கிற எங்கள் மூன்று பேரையும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்த ஒரே பிறவி லாத்தாதான். அந்த உட்காரல் இல்லாவிட்டால் நான் அந்த வருஷங்களில் கிறுக்குப் பிடித்து ஊருக்கே ஓடியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

இர்விங்கில் கிடைக்காத ஒரே சாமான் சிவந்த இலை. எங்கள் குடியிருப்பில் நின்றவை எல்லாம் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் ஓக் மரங்கள். மார்ச் மாதம் யாரும் கேட்காமல் இலையைக் கொட்டும். ஓர் அக்டோபரில் எனக்கு நியூஜெர்சியில் ஒரு மாத ப்ராஜெக்ட் வந்தது. ஐசலினில் தங்கியிருந்தேன். லாத்தா போன் செய்து கீரை ஆய்வது போலப் பார்த்து எடு, ஓட்டை விழுந்தது ஆகாது, காம்பு முறியக் கூடாது என்று பாடம் நடத்தினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் குனிந்து குனிந்து இரண்டு குப்பைப் பைகள் நிறைய இலை பொறுக்கினேன். திரும்பும்போது விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தார்கள். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. என் நிறத்தில் ஒருவன் எதற்காக இரண்டு பை சருகோடு விமானம் ஏறுகிறான் என்று அந்த அதிகாரி யோசித்தது அவர் முகத்திலேயே தெரிந்தது. டெக்சாஸில் இது இல்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார், அது வாஸ்தவம்தான் என்று சொல்லி மூடிவிட்டார். இவ்வளவும் பட்டுக் கொண்டுவந்தால் லாத்தா பாதியை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "இதெல்லாம் வாடின இலை தம்பி. நான் கேட்டது உதிர்ந்த இலைல்லா" என்றார். மீதியை மெழுகுத் தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுச் சுவரெல்லாம் தொங்கவிட்டார்.

மச்சானுக்கும் லாத்தாவுக்கும் நடந்த ஒரே சண்டை தெர்மோஸ்டாட்டில்தான். இவர் அறுபத்திரண்டில் வைப்பார். அவர் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுபத்தெட்டுக்கு ஏற்றுவார். இவர் அடுப்பைப் பார்க்கப் போகிற சாக்கில் திரும்ப இறக்குவார். இது இலையுதிர் காலம் என்று மச்சானை ஒப்புக்கொள்ள வைக்க லாத்தா எவ்வளவோ பார்த்தார். குளிரில் விரல் விறைத்துக் கரண்டி பிடிக்க முடியாதபோதும் மச்சான், வெளியே தொண்ணூற்றாறு என்று மட்டும்தான் சொல்வார். அவருக்கு எல்லாமே காகிதத்தில் உள்ளபடி இருக்க வேண்டும்.

மூன்றாம் வருஷம் ஏசி தாங்கவில்லை. அந்த வெயிலில் அறுபத்திரண்டுக்கு ஓட்டினால் உள்ளேயிருக்கும் குழாயில் பனி கட்டிக் காற்று நின்றுவிடும். மெயின்டனன்ஸ் ஆள் வந்தார். உள்ளே நுழைந்தவர் ஏசியை மறந்துவிட்டு நடு ஹாலில் நின்றுவிட்டார். சாயங்காலமே லீசிங் ஆபீஸ் மேனேஜர் அம்மாள் நேரில் வந்தார். மச்சான் மேஜைக்குப் பக்கத்திலேயே நின்று வேட்டியின் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டார், துணியைத் தூக்கிக் கதவைப் பார்த்துவிடக் கூடாதே என்று. மேனேஜர் துணியைத் தூக்கவில்லை. சுவரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிதாக வீடு தேடி வருகிறவர்களுக்குக் காட்ட ஆபீஸ் வைத்திருக்கும் மாதிரி வீடு பிணவறை மாதிரி இருக்கிறது, அவர்களை இங்கே அழைத்து வரட்டுமா என்று கேட்டார். பதிலுக்குக் கூரை போட்ட கார் பார்க்கிங் ஒன்றைத் தருவதாகச் சொன்னார்.

லாத்தாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அமெரிக்கா வந்த பிறகு அவரிடம் ஒருவர் ஒரு காரியம் கேட்டது அதுதான் முதல் தடவை. மச்சான் வெளிறிப்போனார். வீட்டைக் காட்டுவது வேலை, பார்க்கிங் சம்பளம், மனைவி அனுமதியில்லாமல் வேலை செய்தாள் என்றால் கிரீன் கார்டு அம்போ. மூன்று நாள் வக்கீலோடு போனில் பேசினார். விருந்தாளிகளை வரவேற்பது குற்றமில்லை, ஆனால் எதையும் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் மச்சானுக்குத் திருப்தியில்லை. லீசிங் ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் என்னைச் சாட்சிக் கையெழுத்தும் போட வைத்தார். அதன் சாரம் எனக்கு இன்னும் மனப்பாடம். என் மனைவி இந்த நாட்டில் எந்த வேலையும் செய்யவில்லை. அவள் தன் வீட்டில் வாழ்கிறாள். அதைப் பார்க்க யாராவது வந்தால் அவர்கள் விருந்தாளிகள். வாழ்வதற்காக அவள் எதையும் பெற்றுக்கொள்ள மாட்டாள்.

லாத்தா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஒரு நகல் கேட்டு வாங்கிப் பத்திரிகைக்குள் வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி இதுவரை யாரும் லெட்டர் எழுதியதில்லை என்றார்.

அதன்பிறகு கூட்டம் வர ஆரம்பித்தது. வந்தவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்திக் கஞ்சி கொடுத்தார். அவர்கள் மயங்கிப்போய்ப் பக்கத்துக் கட்டடத்தில் வீடு எடுத்தார்கள். எடுத்துப் பார்த்தால் அது வெள்ளைச் சுவரும் கார்பெட்டுமாக மொட்டையாக இருந்தது. லாத்தாவிடமே வந்து முறையிட்டார்கள். லாத்தாவும் போய் ஜோடித்துக் கொடுத்தார், ஒரு பைசா வாங்காமல், ஒரு பிஸ்கட் டப்பாகூட வாங்காமல். இரண்டு கட்டடங்கள் பிரான்சாகிவிட்டன. அடுத்த வசந்தத்தில் எலுமிச்சம்பழம் அளவு ஆலங்கட்டி விழுந்து மச்சானின் காரெல்லாம் குழி குழியாகிவிட்டது. அவருக்குத் தருவதாகச் சொன்ன கூரையின் கீழ் மேனேஜரின் கார் பளபளவென்று நின்றது. மச்சான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "பரவால்ல, ஃபைல் சுத்தமா இருக்கு" என்றார்.

கடைசியில் கிரீன் கார்டு இன்டர்வியூ வந்தது. அது ஒரு மே மாதம். ஒரு வாரம் லாத்தாவுக்கு ஒத்திகை. வேலை செய்தீர்களா என்றால் நோ சார். ஒருபோதுமா என்றால் நெவர் சார். அதிகமாகப் பேசக் கூடாது. இருவரும் சேர்ந்து வாழ்வதற்கு அத்தாட்சியாகப் புகைப்படங்கள் கொண்டுபோகலாம் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் மச்சான் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். மச்சான் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டதால் காரை நான் ஓட்டினேன். நான் வெளியே காத்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

கேள்விகள் முடிந்து ஆல்பத்தைப் புரட்டிய அதிகாரி பாதியில் நிறுத்திவிட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். காயல்பட்டினம், சென்னை, இர்விங். மறுபடி ஆல்பத்தைப் பார்த்தார். நீங்கள் பிரான்சில் வாழ்ந்த விவரம் படிவத்தில் இல்லையே, எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்று கேட்டார். மச்சான், இல்லை சார், இது இர்விங் என்றார். அதிகாரி நம்பவில்லை. ராணுவத்தில் இருந்தபோது அந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறேன், இந்த மாதிரிச் சாப்பாட்டு மேஜையை எனக்குத் தெரியாதா என்று ஒரு கிராமத்தின் பெயரையே சொன்னாராம். மச்சானுக்கு ஊருக்குத் திரும்பும் விமானம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. லாத்தாவைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்று. லாத்தா வாயே திறக்கவில்லை.

ஏன் லாத்தா என்று கேட்டேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. சொல்ல மனசு வரல. ஒரு கவர்மென்ட் ஆளு, அந்த ஊரையே நேர்ல பாத்தவரு, கண்ணாடியப் போட்டுப் பாத்துட்டு பிரான்சுங்கிறாரு. அத நான் எதுக்கு இல்லன்னு சொல்லணும்?"

மச்சான்தான் காப்பாற்றினார். ஆல்பத்தைத் தன் பக்கம் திருப்பி, பூசணிக்காய்க்குப் பின்னால் வேட்டி விலகித் தலைகாட்டிய பித்தளைக் குமிழைத் தொட்டுக் காட்டினார். இது மேஜை இல்லை சார், எங்கள் க்ளோசட் கதவு. அனுமதியில்லாமல் கழற்றினோம். மேலே இருப்பது என் வேட்டி. கீழே இருப்பது இஸ்திரி மேஜை, அதில் ஒன்று மாடி வீட்டுக்காரர்களுடையது. நாலு வருஷமாக மேனேஜரிடம் மறைத்த குற்றத்தை அரசாங்கத்திடம் கடகடவென்று ஒப்புக்கொண்டுவிட்டார். அதிகாரி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அதே குமிழ் அவர் வீட்டு க்ளோசட்டிலும் இருந்ததாம். டெக்சாஸில் எந்த அபார்ட்மென்டில் இல்லை?

அவர் ஆல்பத்தை மூடாமல் லாத்தாவைப் பார்த்து, படிவத்தில் தொழில் இல்லை என்று போட்டிருக்கிறது, அப்படியானால் நீங்கள் என்னதான் செய்கிறீர்கள் அம்மா என்றார். நோ சார் என்று சொல்லவேண்டிய இடம். லாத்தா ஆங்கிலத்தில், "ஐ ஆம் லிவிங், சார்" என்றார். கடிதத்திலிருந்த வாக்கியம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். பார்த்தாலே தெரிகிறது என்று அதிகாரி சொன்னதும், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த சத்தமும் கேட்ட பிறகுதான் திறந்தாராம்.

அவர்களை வாசலில் இறக்கிவிட்டு நான் மேலே போனேன். சாயங்காலம் போன் வந்தது. "மூணு பேரும் ஸ்வெட்டரோட வாங்க. சீசன் ஆரம்பிச்சாச்சு." மே மாதம் என்றேன். போன் வைக்கப்பட்டுவிட்டது.

போனோம். இலைகள் சுவரில் ஏறியிருந்தன. கதவு இஸ்திரி மேஜைகளின் மேல் படுத்திருந்தது, புது வேட்டியோடு. தெர்மோஸ்டாட் பக்கத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். வழக்கம் போல ஏற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இறக்கினார். அறுபத்திரண்டோடு நிற்கவில்லை, ஐம்பத்தெட்டு வரை இறக்கினார். விளைவு, கஞ்சி வருவதற்குள் ஏசி உறைந்து நின்றுவிட்டது. மெயின்டனன்ஸைக் கூப்பிடவா என்று என் ரூம்மேட் எழுந்தான். மச்சான் அவனை உட்காரச் சொல்லிவிட்டார்.

வீடு சூடேறியது. கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி, ஐந்து மெழுகுவர்த்தி, ஐந்து பேர் மேலும் கம்பளி. வியர்வை முதுகில் ஓடியது. என் ரூம்மேட் சால்வையை நெகிழ்த்தப் பார்த்தான், நான் அவன் காலை மிதித்தேன். ஒருவரும் கழற்றவில்லை. லாத்தா மேஜைக்கு அந்தப் பக்கம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மச்சான் நெற்றி வியர்வையைச் சால்வை நுனியில் துடைத்தார். பிறகு அதே சால்வையை இழுத்து நன்றாகப் போர்த்திக்கொண்டு, லாத்தாவைப் பார்க்காமல், "இன்னைக்குக் கொஞ்சம் குளிரு ஜாஸ்திதான்" என்றார்.

லாத்தா அவருக்கு இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினார்.